கேக் வெட்டிய பயனெட்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஏழு. ஏட்டு பூவராகன் மூன்றாவது தடவையாக வாசித்துக் காட்டுகிறார், பரீட்சை முடிவு படிக்கிற குரலில். "நல்லா க்ளியரா இருக்கு சார். ஒண்ணு, ஒம்போது, சைபர், ஏழு. மேல கிரீடம்கூட போட்டிருக்கான் பாருங்க." இருக்கிறது ஐயா, எல்லாம் இருக்கிறது, என் கண்ணாடிக்கும் தெரிகிறது. இந்த எண்ணோடு எனக்கு முப்பத்தொரு வருடப் பழக்கம். ஏலக் கம்பெனியில் பழைய ஆயுதங்களுக்கு மதிப்பீட்டாளராக உட்கார்ந்திருந்த காலத்தில், வாரத்துக்கு ஒருவராவது இதை வேட்டித் துண்டில் சுற்றிக் குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு வருவார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஏழாம் வருஷத்து பயனெட் சார் என்பார்கள். இல்லை. துப்பாக்கி முனையில் மாட்டுகிற இந்தக் கத்தியின் மாதிரிக்கு அந்த வருடம் ஒப்புதல் கிடைத்தது, அவ்வளவுதான். பிறகு இரண்டு உலக யுத்தங்களுக்கும் அதே மாதிரியில் லட்சக்கணக்கில் அடித்துத் தள்ளினார்கள், அத்தனையிலும் மாதிரியின் பெயராக 1907 என்றே பொறித்தார்கள். செய்த வருடம் அதற்குக் கீழேயோ மறுபக்கத்திலோ ஒரு மூலையில், பொடி இலக்கத்தில், கடைசி இரண்டு எண் மட்டும் இருக்கும். ரேஷன் அட்டையில் திட்டம் தொடங்கிய வருடத்தை அச்சடித்தால் அட்டைக்காரர் அன்றைக்குப் பிறந்தார் என்று யாராவது சொல்வார்களா. சொல்வார்கள். துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்து சொல்வார்கள். நான் திருத்துவேன், அவர்கள் முகம் சுருங்கும், வெளியே போய் இந்த ஆளுக்கு ஒன்றும் தெரியவில்லை என்பார்கள். ஏட்டு இப்போது கத்தியின் நடுவில் ஓடும் பள்ளக் கோட்டில் சுண்டுவிரலை ஓட்டுகிறார். வேண்டாம், சொல்லாதீர்கள், தயவுசெய்து அதை மட்டும் சொல்லாதீர்கள். "இதுதான் சார் ரத்தம் வழியறதுக்கு வாய்க்கால்." சொல்லிவிட்டார். ரத்தத்துக்கு யாரும் வாய்க்கால் வெட்டுவதில்லை ஐயா, கத்தியின் எடையைக் குறைக்கிற பள்ளம் அது, இரும்புத் தூணின் நடுவைக் குறுக்குகிற மாதிரி. சொல்ல வாயெடுத்து மூடிக்கொள்கிறேன். காவல் நிலையத்தில் ஏட்டைத் திருத்துவதற்கு எனக்கு வயது போதாது, அறுபத்தெட்டுதான் ஆகிறது.

என்னை இங்கே வரவழைத்த புண்ணியவான் எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். மணவாளன், தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், போன ஞாயிற்றுக்கிழமையோடு அறுபது முடிந்தது. கல்யாண மண்டபத்தில் சாஸ்திரப்படி எல்லாம் செய்து முடித்து, சாயங்காலம் சொந்தக்காரர்கள் முன்னால் மூன்றடுக்கு கேக்கை இந்த பயனெட்டால் வெட்டியிருக்கிறார். பட்டு வேட்டி, கழுத்தில் மாலை, நெற்றியில் திருமண், உயர்த்திய கையில் யுத்தக் கருவி. தங்கை மகன் யாரோ, ஏதோ ஒரு சினிமா சண்டை இசையைச் சேர்த்து இணையத்தில் போட்டிருக்கிறான். இந்த ஊரில் பிறந்தநாள் கேக்கைப் பட்டாக்கத்தியால் வெட்டி வீடியோ போடுகிறவர்கள் எல்லாரும் ஒரே ரகம், அவர்களைத் தேடிப் பிடிக்கவே காவல்துறையில் ஒரு பிரிவு கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறது, அந்த வலையில் இவரும் விழுந்தார். எனக்கு அந்த வீடியோவைக் காட்டினார்கள். கத்தியை அவர் பிடித்திருந்த விதத்தைப் பார்த்து வயிறு எரிந்தது, வேறெதற்கும் இல்லை, பிடியைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். மனைவி கோமளா அவர் பக்கத்தில், கைப்பையை இரண்டு கையாலும் மடியில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வியாழக்கிழமை விமானம். டொராண்டோவில் மகளுக்குப் பேறுகாலம், எட்டாம் மாதம் முடியப்போகிறது, மாப்பிள்ளை வீட்டில் பெண்பிள்ளை யாரும் இல்லை. வழக்குப் பதிவானால் கணவர் பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும், தனியாக விமானம் ஏறுவது இவருக்கு வராது. இதை அந்த அம்மாள் நான் உள்ளே நுழைந்து செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டார், காவல் நிலையத்தில் செருப்பை ஏன் கழற்றினேன் என்று தெரியவில்லை. இன்ஸ்பெக்டர் தமயந்தி நல்ல மாதிரி. அவர் நிலைமையை எனக்கு நாலே வாக்கியத்தில் விளக்கினார். "பாருங்க நீலமேகம் சார், எனக்கும் இவரை உள்ள வைக்கணும்னு ஆசை இல்ல. நூறு வருஷத்துக்கு மேல ஆனதுன்னா பழம்பொருள், எச்சரிச்சு எழுதி வாங்கிட்டு அனுப்பிடலாம்னு டிஎஸ்பி சொல்லிட்டார். நூறு ஆகலைன்னா ஆயுதம், பட்டாக்கத்திப் பசங்களுக்குப் போடற அதே செக்‌ஷன். நீங்க வருஷத்தை மட்டும் எழுதிக் குடுங்க." சொல்லிவிட்டு யாரோ அமைச்சர் வருகிறார் என்று பாதுகாப்புக்குப் போய்விட்டார். பன்னிரண்டு மணிக்குள் வருவாராம். இப்போது பதினொன்று பத்து.

வருஷத்தை மட்டும். எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள், அதோடு இன்னொன்றும், என்ன போகும் சார். இந்த இரண்டு கேள்விக்கு நடுவில் என் ஆயுள் போய்விட்டது. இப்போதும் என் கைபேசிக்குப் படங்கள் வந்தபடி இருக்கின்றன, பூப்போட்ட படுக்கை விரிப்பின் மேல் ஒரு வாள், ஓரத்தில் யாருடையதோ பாதி கால் கட்டைவிரல், கீழே திப்பு சுல்தான் வாள், விலை சொல்லவும். திப்பு சுல்தான் கையில் எத்தனை வாள்தான் இருந்திருக்கும், அந்த மனிதர் வாள் கடை வைத்திருந்தாரா. ஒருவர் பாட்டனாரின் வாளை பம்பர் கடையில் கொடுத்துக் குரோமியம் பூசி வாங்கி வந்தார், முகம் பார்க்கலாம் சார் என்றார், பார்த்தேன், என் முகம்தான் தெரிந்தது, அழுகிற மாதிரி இருந்தது. இன்னொருவர் கத்தியில் பதித்திருந்த சின்னப் பித்தளை வில்லையைத் தங்கம் என்று நோண்டி எடுத்துவிட்டு, ஓட்டையோடு கொண்டுவந்து விலை கேட்டார். அந்த வில்லைதான் தரச் சோதனையில் தேறியதற்கு அடையாளம், அது இருந்தால்தான் விலை. ஆயுத பூஜைக்கு வருவோம். வருடத்துக்கு ஒரு முறை செங்கல் தூள், புளி, சாம்பல் எல்லாம் போட்டுப் பக்தியோடு தேய்ப்பார்கள், அப்புறம் சந்தனம், குங்குமம், பொரி. ஐம்பது வருடம் இப்படி வழிபட்டால் எந்தக் கத்தியும் ஊமையாகிவிடும், படைப்பிரிவு எண், தொழிற்சாலை முத்திரை, சோதனை அடையாளம் எல்லாம் செங்கல் தூளோடு சாக்கடைக்குப் போய்விடும். இந்த பயனெட்டையும் அப்படித்தான் தேய்த்திருக்கிறார்கள். கூர் முழுதும் மழுங்கி அடிக்கோல் மாதிரி இருக்கிறது. ஒரு பக்கத்தில் 1907 தப்பித்திருக்கிறது, ஆழமாக அடித்திருந்ததால். மறுபக்கத்தில் பிடிக்குக் கீழே குங்குமம் பொட்டின் மேல் பொட்டாக ஏறி, எண்ணெயில் ஊறி, அரக்கு போலக் கெட்டியாக உட்கார்ந்திருக்கிறது. அங்கேதான் இருக்கும், இருக்க வேண்டியது. அதைப் பார்க்காமல் இருந்தால் என்ன. மறுபக்கம் குங்குமத்தால் மறைந்துள்ளது என்று எழுதிவிட்டு எழுந்து போனால் என்ன. போகலாம். ஆனால் கட்டைவிரல் நகம் அதற்குள் அங்கே போய்விட்டது, என்னைக் கேட்காமல்.

பொறு, முதலில் நீளம். பையிலிருந்து அளவு நாடாவை எடுக்கிறேன், எடுக்காமலே தெரியும், பன்னிரண்டு அங்குலம். முதல் யுத்தத்தில் இந்த மாதிரியின் அலகு பதினேழு அங்குலம், குதிரைமேல் இருக்கிறவனையும் எட்டுகிற நீளம். இரண்டாம் யுத்தத்தில் இந்தியாவில் பன்னிரண்டாகக் குறைத்தார்கள், காட்டிலும் லாரியிலும் அந்த நீளம் இடித்தது. ஆக இது பிந்தியது. ஆனால் ஒரு சந்து இருக்கிறது, சந்தோஷமாக இருக்கிறது எனக்கு, ஒரு சந்து இருக்கிறது, பழைய பதினேழு அங்குலக் கத்திகளையே வெட்டிப் பன்னிரண்டாக்கியதும் உண்டு. அப்படியானால் இது 1915, 1917 என்று ஏதோ ஒன்றில் பிறந்து பின்னால் முடிவெட்டிக்கொண்ட கத்தியாக இருக்கலாம், மணவாளன் விமானம் ஏறலாம். வெட்டியதா, குட்டையாகவே பிறந்ததா என்று கண்டுபிடிக்க அந்தப் பள்ளக் கோடு போதும். வெட்டியது என்றால் கோடு முனை வரைக்கும் ஓடி அங்கே அரைகுறையாக நிற்கும். குட்டையாகவே பிறந்தது என்றால் முனைக்கு வெகு முன்பே அழகாகச் சரிந்து முடியும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொள்கிறேன். அழகாகச் சரிந்து முடிகிறது. எவ்வளவு அழகு, ஒரு பிசிறு இல்லை, யாரோ ஒரு தொழிலாளி நிதானமாகச் செய்த வேலை, அவன் கையில் கட்டி வர. நகம் குங்குமத்தை இன்னும் கொஞ்சம் பெயர்க்கிறது. மூன்று தெரிகிறது. அதற்கு முன்னால் ஒரு கோடு. ஒன்றாக இருக்கலாம். பதிமூன்று, 1913, ஏன் இருக்கக் கூடாது, என் வலது கண்ணில் புரை வளர்ந்திருக்கிறது, டாக்டர் கார்த்திகை மாதம் எடுத்துவிடலாம் என்றிருக்கிறார், புரை உள்ள கண்ணுக்குப் பதிமூன்று என்று தெரிந்தால் அது கண்ணின் குற்றம்தானே. ஆனால் பன்னிரண்டு அங்குலத்தில் 1913 கிடையாது, குட்டையாகப் பிறந்த பள்ளக் கோட்டோடு 1913 கிடையவே கிடையாது, இது எனக்குத் தூக்கத்திலும் தெரியும், தெரியாமல் இருந்திருந்தால் நான் இந்நேரம் நிம்மதியாக வீட்டில் மோர் குடித்துக்கொண்டிருப்பேன். இன்னொரு சுரண்டல். கோட்டுக்குப் பக்கத்தில் சாய்ந்த இன்னொரு கோடு. நான்கு. நாற்பத்து மூன்று. 1943. நகக்கண்ணில் குங்குமம் ஏறிச் சிவந்திருக்கிறது, யாராவது பார்த்தால் நான்தான் எவனையோ குத்தினேன் என்பார்கள்.

"சார், எங்க கொள்ளுத் தாத்தா சுபேதார் அங்கமுத்து." மணவாளனுக்கு என் மௌனம் தைரியம் கொடுத்துவிட்டது, பெஞ்சின் நுனிக்கு வந்துவிட்டார். "பதினேழாம் வருஷம் பாக்தாத் வரைக்கும் போனவரு சார். இத கையில வச்சிக்கிட்டுத்தான் போனாரு. முப்பத்தொண்ணுல தவறிட்டாரு, அதுக்கப்புறம் இது பூஜை ரூம்லதான். எங்க அப்பா சொல்லுவாரு, இதுல துருக்கிக்காரன் ரத்தம் இருக்குன்னு." கோமளா அவர் தொடையில் ஒரு அடி போட்டார். "ரத்தம் ரத்தம்னு போலீஸ் ஸ்டேஷன்ல உக்காந்துட்டுப் பேசுங்க. இதுக்குத்தான் கூட்டிட்டு வந்திருக்காங்க. கத்தி இருக்கேன்னு கேக் வெட்டுனீங்க, நாளைக்கு உலக்கை இருக்குன்னு என்ன பண்ணப் போறீங்களோ." "நம்ம வீட்டுப் பெருமைடீ." "பெருமைய கேக் மேல வெச்சுத்தான் காட்டணுமா? சார், நீங்க எதுவும் மனசுல வெச்சுக்காதீங்க. கடையில கத்தி குடுத்தாங்க சார், பிளாஸ்டிக்கு, அழகா ரிப்பன் கட்டி. வேணாம்னுட்டு உள்ள ஓடினாரு." ஏட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார். முப்பத்தொன்றில் செத்தவர் கையில் நாற்பத்து மூன்றில் செய்த கத்தி. எங்கேயாவது சந்தையில் இவருடைய அப்பா வாங்கியிருப்பார், அல்லது மிலிட்டரி சாமான் ஏலத்தில் எடுத்த யாரோ கொடுத்திருப்பார்கள், பூஜை அறையில் நுழைந்ததும் தாத்தா பிடித்துக்கொண்டார். இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை, பூஜை அறைக்குள் நுழைகிற எந்த இரும்புக்கும் ஒரு தாத்தா ஒட்டிக்கொள்வார். ஒரு ஜமீன்தாரின் விதவை நினைவுக்கு வருகிறார், ஏன் இப்போது, தொண்ணூற்று நாலோ ஐந்தோ. வெள்ளிப் பிடி போட்ட வாள், முன்னூறு வருஷம் என்றார். நான் பூதக்கண்ணாடியை எடுத்துவிட்டேன். ஐம்பது வருஷம்கூட இல்லை அம்மா, நாடகக் கொட்டகைக்குச் செய்தது, அலகு வண்டிப் பட்டை இரும்பு, வெள்ளியும் முலாம்தான் என்று ஒரே மூச்சில் பட்டியல் போட்டேன். தப்பே இல்லை, ஒவ்வொரு வார்த்தையும் சரி. அவர் அதை மறுபடி புடவைத் துண்டில் சுற்றின விதம், அவசரமே இல்லாமல், நாலு மூலையும் மடித்து. வீட்டுக்கு வந்து சொன்னேன், என் மனைவி கேட்டாள், முலாம் வரைக்கும் சொல்லணுமா. அந்தக் கேள்விக்கு நான் இன்னும் பதில் தயார் பண்ணிக்கொண்டிருக்கிறேன்.

என்னிடம் என்ன கேட்டார்கள், வருஷம். அதில் என்ன எழுதியிருக்கிறது, 1907. நான் எழுதப் போவது என்ன. கத்தியின் ஒரு பக்கத்தில் கிரீட முத்திரையும் அதன் கீழ் 1907 என்ற எண்ணும் தெளிவாகக் காணப்படுகின்றன. இந்த வாக்கியத்தில் பொய் எங்கே இருக்கிறது, காட்டுங்கள் பார்க்கலாம். முத்திரை இருக்கிறது, எண் இருக்கிறது, தெளிவாகவும் இருக்கிறது, ஏட்டே சாட்சி. மறுபக்கத்தைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை, சொல்லாததற்கு உலகத்தில் யாரும் யாரையும் பிடித்ததில்லை. குங்குமத் துகளைக் கட்டைவிரலால் அழுத்தித் திரும்ப ஒட்டினேன், கொஞ்சம் ஒட்டியது, கொஞ்சம் மேசைமேல் உதிர்ந்தது, ஊதிவிட்டேன். நான் ஏன் திருடன் மாதிரி சுற்றிப் பார்க்கிறேன். அறுபது வயதில் ஒரு மனிதன் பட்டு வேட்டி கட்டி ஒரு கேக்கை வெட்டினதற்கு அவன் மகள் அந்த ஊர்க் குளிரில் தனியாகப் பிள்ளை பெற வேண்டுமா, நூறு வருஷக் கணக்கை எவனோ போட்டான் என்பதற்காக. பதினேழு வருஷம் குறைகிறது, பதினேழு, பதினெட்டு. அது ஒரு பெரிய குறையா. இல்லை, குறையா இல்லையா என்பது அல்ல விஷயம், நான் அலுத்துவிட்டேன், அதுதான் விஷயம், முப்பத்தொரு வருடம் எல்லாருடைய தாத்தாவையும் எடுத்துக் கீழே போட்டதில் கை அலுத்துவிட்டது, ஒரே ஒரு தாத்தாவை விட்டுவிடுகிறேன். தாளை இழுத்து எழுதினேன். கையெழுத்து வழக்கத்தைவிட அழகாக விழுந்தது, அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது. ஏட்டு வாங்கி வாசித்தார், நாலாவது தடவையாக 1907 என்றார், ஸ்டாம்பு அடித்தார், கணினியில் தட்டத் தொடங்கினார். கோமளா எழுந்து வந்து, பைக்குள் கைவிட்டு, ஒரு சின்ன டப்பாவை என் முன்னால் வைத்தார். "ரவா லட்டு சார். பொண்ணுக்குன்னு பண்ணினது." சாப்பிட்டேன். நெய் அதிகம். இரண்டாவதும் சாப்பிட்டேன்.

பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போதே இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார், தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்து, கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டே என் தாளைப் படித்தார். "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஏழு. நூத்துப் பதினெட்டு ஆச்சு. நல்ல வேளை." மணவாளனைப் பார்த்தார். "அய்யா, வயசான காலத்துல உங்களுக்கு இதெல்லாம் தேவையா? எழுதிக் குடுத்துட்டுப் போங்க. இனிமே கேக்கை வாயால வேணா கடிங்க." மணவாளன் கை கூப்பினார், கோமளா என்னைப் பார்த்துக் கை கூப்பினார், நான் லட்டுத் துகளைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். "ஒரு நிமிஷம் சார். வந்தது வந்தீங்க." அவர் இரும்பு அலமாரியைத் திறந்து, செய்தித்தாளில் சுற்றி அரக்கு வைத்த ஒன்றை எடுத்து, அரக்கை உடைக்காமல் ஒரு பக்கத்துத் தாளை மட்டும் நீளவாட்டில் விலக்கிக் காட்டினார். உட்காராமலே தெரிந்தது. பதினேழு அங்குலம். பள்ளக் கோடு நீளமாக, சரியாக. கிரீடம், 1907. அதற்குக் கீழே, எந்தக் குங்குமமும் இல்லாமல், 16. சுத்தமான முதல் யுத்தத்துச் சரக்கு, பாக்தாத் என்று சொன்னால் நம்பலாம், இவ்வளவு நல்ல நிலையில் நான் பார்த்து எத்தனை வருடம் ஆகிறது என்று ஒரு கணம் சந்தோஷம்கூட வந்தது, சனியன். "லோகுன்னு ஒருத்தன். இதால இளநீர் விக்கிறவர் தோள்ல குத்தியிருக்கான், பதினாலு தையல். குத்தினதுக்குத் தனியா கேஸ் இருக்கு. ஆனா ஆயுதச் செக்‌ஷன் நின்னாத்தான் கொஞ்ச நாள் உள்ள இருப்பான். அவன் வக்கீல் இன்னிக்கு வந்து நிக்கறார், இது 1907-ஆம், பழம்பொருளாம், எங்க ஸ்டேஷன்ல அதே மாதிரி இன்னொண்ணை விடப் போறோமாம், எப்படித்தான் தெரியுமோ அவங்களுக்கு. நீங்க பாத்துச் சொல்லுங்க, ரெண்டும் ஒண்ணா வேறயா?"

வேற மேடம், ரொம்ப வேற, அதுதான் பிரச்சினை. நூறு வருஷக் கணக்கைப் பார்த்தால் லோகு வீட்டுக்குப் போகலாம், மணவாளன் உள்ளே போக வேண்டும். கேக்கை வெட்டினது ஆயுதம், தோளைக் குத்தினது பழம்பொருள். இதைச் சொன்னால் இந்த அம்மாள் சிரிப்பாரா, என்னை அடிப்பாரா. சொல்லாமல், இதிலும் 1907 என்ற எண் தெளிவாகக் காணப்படுகிறது என்று அதே வாக்கியத்தை அதே அழகான கையெழுத்தில் எழுதலாம், அது அவனை வெளியே அனுப்பும். இதற்கு மட்டும் வேறு வாக்கியம் எழுதினால் வக்கீல் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவார், அந்த ஆள் என்னை மாதிரியே ஒரு நச்சுப் பிடித்தவனாக இருந்தால் மூன்றே கேள்வியில் முடித்துவிடுவான். ஒரு தாத்தாவை விட்டதற்கு இந்தப் பலன். எரிச்சலோடு கத்தியைச் சாய்த்துப் பார்க்கிறேன், கூர் பக்கம். சன்னல் வெளிச்சம் அதில் ஓடுகிறது, ஓடி ஓடித் தடுக்குகிறது. சின்னச் சின்னப் புதுக் கீறல்கள், எல்லாம் ஒரே சாய்வில், வெள்ளையாக, ஒரு புள்ளி துரு இல்லாமல். மெஷின் சக்கரத்தில் வைத்து இழுத்தது. ஒரு மழைகூடப் பார்க்காத கீறல். முழுக் கத்தியும் நூற்றுப் பத்து வருடத்து நிதானமான கறுப்பு, கூர் மட்டும் நேற்றுப் பிறந்த பிள்ளை. நான் ஏன் இதை முதலிலேயே பார்க்கவில்லை. எல்லாரும் வருஷம் கேட்கிறார்கள் என்று நானும் வருஷத்தையே தேடிக்கொண்டிருந்தேன், முப்பத்தொரு வருடமாக.

"மேடம், என் முதல் தாளைக் கொஞ்சம் கொடுங்க. ஒரு வரி விட்டுப்போச்சு." ஏட்டு அலறினார். "ரெண்டு காப்பி எடுத்துட்டேன் சார், ஸ்டாம்பு வெச்சாச்சு." இன்ஸ்பெக்டர் தாளை நீட்டினார். அவர் என் சிவந்த நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், எப்போதிலிருந்து பார்க்கிறார் என்று தெரியவில்லை. நின்றபடியே எழுதினேன், இந்தத் தடவை கையெழுத்து கோணலாக வந்தது. 1907 என்பது மாதிரியின் எண். முதல் பயனெட் செய்யப்பட்டது 1943-ல். கூர் முற்றிலும் மழுங்கிவிட்டது, பல வருடங்களாகத் தீட்டப்படவில்லை, இதால் வெட்ட வேண்டுமானால் முதலில் பட்டறைக்கு அனுப்ப வேண்டும். இரண்டாவது செய்யப்பட்டது 1916-ல். அதன் கூர் செய்யப்பட்டது சென்ற ஒரு மாதத்துக்குள், மெஷினில். கையெழுத்து, தேதி. இன்ஸ்பெக்டர் படித்தார், மறுபடி முதலிலிருந்து படித்தார். "நாப்பத்து மூணுன்னா நூறு ஆகலையே சார்." ஆகலை மேடம். அவர் முதல் பயனெட்டை எடுத்து, மேசையில் இருந்த பழுப்பு உறையின் ஓரத்தில் வைத்து இழுத்தார். உறை மடங்கியது. இன்னும் அழுத்தி இழுத்தார். கசங்கியது. அதை வைத்துவிட்டு, அரக்குப் பொட்டலத்தின் விலகிய பக்கத்தால் உறையை லேசாகத் தொட்டார், நாக்கு நீட்டின மாதிரி ஒரு துண்டு தனியாக வந்து விழுந்தது. "டிஎஸ்பிகிட்ட நான் பேசிக்கறேன்," என்றார். "வக்கீலுக்கு இந்தத் தாள் போதும். இவர் ஊருக்குப் போகட்டும். ஆனா இந்தக் கத்தி இங்கதான் இருக்கும், நூறு ஆகறவரைக்கும்." அவர் சிரிக்கவில்லை, ஆனால் ஏட்டு சிரித்தார்.

கோமளா அதற்குள் கணவரின் முழங்கையைப் பிடித்து வாசல் பக்கம் திருப்பிவிட்டார். "வாங்க. அவங்க மனசு மாறறதுக்குள்ள வாங்க." மணவாளன் நகரவில்லை. நாற்பத்து மூன்றை அவர் கேட்டுவிட்டார், உதடு கணக்குப் போடுகிறது, முப்பத்தொன்றுக்கும் நாற்பத்து மூன்றுக்கும் நடுவில் விரல் மடங்கி மடங்கி நிமிர்கிறது. கேட்கட்டும், திட்டட்டும், இந்த ஆளுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று ரோட்டில் நின்று கத்தட்டும், எனக்குப் பழக்கம்தான். நான் பையை மூட ஆரம்பித்தேன், அளவு நாடா, பூதக்கண்ணாடி, ஜிப் எங்கேயோ சிக்கிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது. அவர் மேசைக்கு வந்து குனிந்து அந்தக் கத்தியைப் பார்த்தார், தொடவில்லை.

"அப்ப இது யாரோடதா இருக்கும் சார்?"

எத்தனை வருஷம் என்று கேட்டிருக்கிறார்கள், என்ன போகும் என்று கேட்டிருக்கிறார்கள், திப்புவுடையதா என்று கேட்டிருக்கிறார்கள். ஜிப்பை விட்டுவிட்டேன். நாற்பத்து மூன்றில் இதை இடுப்பில் மாட்டிக்கொண்டு எங்கோ ஒரு கப்பலோ லாரியோ ஏறியவன், பேர், ஊர், வயது. மழுங்கின அலகைத் திருப்பி, பிடியைத் திருப்பி, முனையிலிருந்து அடி வரைக்கும் இன்னொரு தடவை பார்த்தேன், வெளிச்சத்தில் சாய்த்தும் பார்த்தேன்.

"தெரியலை சார்," என்றேன்.